கேஜிஎஃப் சுரங்கக் கூண்டு, ஆபீஸ் லிஃப்ட், அதிவேக கார்: சமன் எடை எப்படி வேலை செய்கிறது?

ஆபீஸ் லிஃப்டில் ஏறியதும் ஒரு சின்னத் தகடு கண்ணில் படும்: '13 நபர்கள், 884 கிலோ'. தலைக்கு 68 கிலோ என்ற கணக்கு அது. அந்த 884 கிலோவையும் லிஃப்ட் பெட்டியின் எடையையும் ஒரு மோட்டார் தனியாகத் தூக்குகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அப்படியில்லை. நீங்கள் மேலே போகும்போது, சுவருக்குப் பின்னால் உங்களைவிட கனமான ஓர் இரும்புக் கட்டு கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. உங்களைத் தூக்குவதில் பெரும்பங்கு அதனுடையது.

இந்த விஷயத்தை ரொம்பக் கடுமையான சூழலில் சோதித்துப் பார்த்த ஊர்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயல், சுருக்கமாக கேஜிஎஃப். மாரிக்குப்பத்தில் கிளம்பி சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் வழியாக பங்காரப்பேட்டைக்கும் பெங்களூருக்கும் வரும் காலை ரயில்களில் தினமும் வேலைக்குப் போகிறவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த தமிழர்கள். அவர்களுடைய தாத்தாவும் அப்பாவும் பூமிக்குள் இறங்கிய கூண்டுக்கும், அவர்கள் இன்று ஒயிட்ஃபீல்டில் ஏறும் லிஃப்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: சமன் எடை.

அது எப்படி வேலை செய்கிறது? எங்கே கைகொடுக்கிறது? எங்கே கைவிடுகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

லிஃப்டில் எதிர் எடை என்ன செய்கிறது?

ஒரு லிஃப்ட் பெட்டி காலியாக 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முழுச் சுமை 884 கிலோ. எதிர் எடை இல்லாவிட்டால் மோட்டார் 1,884 கிலோவைத் தூக்க வேண்டும்.

எதிர் எடையை எவ்வளவு வைப்பார்கள்? வழக்கமாக பெட்டியின் எடை, அதோடு முழுச் சுமையில் ஏறக்குறைய பாதி. நம் உதாரணத்தில் 1,000 + 442 = 1,442 கிலோ. இப்போது பெட்டி நிரம்பி வழிந்தாலும் இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 442 கிலோதான். காலியாக இருந்தாலும் அதே 442 கிலோதான், ஆனால் எதிர்ப்பக்கம். மோட்டார் அந்த வித்தியாசத்தை மட்டும் சமாளித்தால் போதும். 1,884 எங்கே, 442 எங்கே!

இதில் ஆச்சரியமான ஒன்று உண்டு. காலியான அல்லது ஓரிருவர் மட்டுமே உள்ள லிஃப்டில் பிரேக் பிடிக்காமல் போனால், அது கீழே விழாது. எதிர் எடை கனமாக இருப்பதால் மேலே பாயும். அதனால்தான் நவீன லிஃப்டுகளில் கீழ்நோக்கிய வேகத்துக்கு மட்டுமல்ல, மேல்நோக்கிய கட்டுப்பாடற்ற வேகத்துக்கும் பாதுகாப்பு வைக்கிறார்கள்.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. கிணற்றில் ஏற்றம் இறைத்ததை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் அதைத் துலா என்பார்கள். நீளமான மரத்தின் ஒரு முனையில் சால், அதன்மேல் ஆள். அவர் முன்னே நடந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும், பின்னே நடந்தால் தண்ணீரோடு ஏறும். மனிதரே நகரும் சமன் எடை. எடையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இடத்தை மட்டும் மாற்றினார்கள்.

சுரங்கத்தில் என்ன வித்தியாசம்?

பத்து மாடிக் கட்டடத்தில் கயிற்றின் எடையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. சுரங்கத்தில் அதுதான் முதல் எதிரி.

கேஜிஎஃப்பில் 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்த பிறகுதான் பெரிய அளவில் சுரங்க வேலை சூடுபிடித்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்கம், பாலகாட் ஆகியவை அங்கிருந்த முக்கியச் சுரங்கங்கள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சாம்பியன் ரீஃபும் ஊரிகமும் உலகின் மிக ஆழமான சுரங்கங்களின் வரிசையில் இருந்தன. சாம்பியன் ரீஃப் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது.

இவ்வளவு ஆழத்தில் கயிறு என்ன செய்யும்? ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். சுமார் 40 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட எஃகுக் கயிறு மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 கிலோ இருக்கும். ஷாஃப்ட் ஆழம் 2,000 மீட்டர் என்றால் கயிறு மட்டுமே 13 டன். கூண்டு 3 டன், ஆட்களோ கல்லோ 4 டன் என்று வையுங்கள். மொத்தம் 20 டன் தொங்குகிறது. அதில் நமக்குத் தேவையான சுமை வெறும் 4 டன். மிச்சம் 16 டன், தூக்குவதற்காகவே தூக்கும் எடை!

கயிற்றின் எடையை எப்படிச் சமன் செய்கிறார்கள்?

முதல் வழி, இரண்டு கூண்டு. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும். இரண்டும் ஒரே எடை என்பதால் கூண்டுகளின் எடை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் கயிறு அப்படி இல்லை. கூண்டு அடியில் இருக்கும்போது அதன் பக்கத்தில் 13 டன் கயிறு தொங்கும், மேலே நிற்கும் கூண்டின் பக்கத்தில் கயிறே கிட்டத்தட்ட இல்லை. அதனால் தொடக்கத்தில் வைண்டிங் எஞ்சின் 4 + 13 = 17 டன்னை இழுக்க வேண்டும். பாதி வழியில் இரு பக்கக் கயிறும் சமமாகி வித்தியாசம் 4 டன் ஆகும். முடிவில் நிலைமை தலைகீழ். இப்போது காலிக் கூண்டின் பக்கம்தான் கனம், அதுவும் 9 டன் அதிகம். இழுத்துக்கொண்டிருந்த எஞ்சின் இப்போது பிடித்து நிறுத்த வேண்டும். ஒரே பயணத்தில் இழுப்பும் வேண்டும், பிடிப்பும் வேண்டும்.

இரண்டாவது வழி, டெயில் ரோப். இரண்டு கூண்டுகளின் அடியையும் இணைத்து, ஷாஃப்டின் அடிவரை தொங்கும் இன்னொரு கயிறு. மேலே ஒரு பக்கம் கயிறு குறையக் குறைய, கீழே அதே பக்கம் கயிறு கூடும். அதனால் பயணம் முழுக்க வித்தியாசம் அதே 4 டன்தான். உயரமான அடுக்குமாடி லிஃப்டுகளில் பெட்டியின் அடியில் தொங்கும் சங்கிலி இதே வேலையைத்தான் செய்கிறது.

மூன்றாவது வழி, கயிறு சுற்றும் டிரம்மின் வடிவத்தையே மாற்றுவது. நேர் உருளையாக இல்லாமல், ஒரு முனை சிறுத்து மறுமுனை பெருத்த கூம்பு வடிவில் டிரம் செய்வார்கள். கூண்டு அடியில், அதாவது கனம் அதிகமாக இருக்கும்போது கயிறு சிறுத்த பகுதியில் சுற்றும். சைக்கிளில் மேட்டில் ஏறும்போது கியர் மாற்றுகிறோமே, அதே தந்திரம்தான்.

தொடக்கத்தில் நீராவி எஞ்சின்கள், பிறகு மின்மோட்டார்கள். 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் மின்கம்பி இழுத்து கேஜிஎஃப்புக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலக அளவில் நீண்ட மின்பாதைகளில் ஒன்று அது. பெங்களூருக்கு மின்விளக்கு வருவதற்கு முன்பே தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது.

அப்படியானால் 3 கிலோமீட்டரை ஒரே கயிற்றில் இறங்கலாமே?

முடியாது. காரணம் சுவாரசியமானது.

சமன் எடை மோட்டாரின் பாரத்தைக் குறைக்கும். கயிற்றின் மேல்முனையில் உள்ள இழுவிசையைக் குறைக்காது. எதிர்ப்பக்கம் என்ன தொங்கினாலும், ஹெட்கியரின் கப்பிக்குக் கீழே இருக்கும் அந்த ஒரு சாண் கயிறு, தனக்குக் கீழே தொங்கும் 20 டன்னையும் சுமந்தே ஆக வேண்டும்.

தடிமனான கயிறு போட்டால்? வலிமை இரண்டு மடங்கானால் கயிற்றின் எடையும் இரண்டு மடங்காகும். ஆழம் கூடக் கூட, கயிற்றின் வலிமையில் பெரும்பகுதி தன்னைத் தானே தாங்குவதற்கே செலவாகிவிடும். ஆகவே மிக ஆழமான சுரங்கங்களில் படிப்படியாகத்தான் இறங்குவார்கள். ஒரு ஷாஃப்டில் இறங்கி, பூமிக்குள்ளேயே கொஞ்ச தூரம் போய், அங்கே இருக்கும் இன்னொரு வைண்டரில் அடுத்த ஷாஃப்டில் இறங்குவது. கேஜிஎஃப்பின் அடிமட்டத்துக்குப் போனவர்களும் இப்படி மாறி மாறித்தான் போனார்கள்.

ஆட்கள் மட்டும் போகவில்லை. 1960-களில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பான், பிரிட்டன் விஞ்ஞானிகளும் சேர்ந்து, சாம்பியன் ரீஃபில் 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் நியூட்ரினோ சோதனை நடத்தினார்கள். வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவின் தடயத்தை 1965-இல் பதிவுசெய்தார்கள். உலகில் முதலில் பதிவுசெய்த குழுக்களில் அதுவும் ஒன்று. அந்தக் கருவிகளும் தொழிலாளர்கள் போன வழியிலேதான் கீழே போயின.

எடையை வேண்டுமென்றே கூட்டுவதும் உண்டா?

உண்டு. இங்கேதான் அதிவேக கார்கள் வருகின்றன.

லிஃப்ட் கயிறு கப்பியில் கட்டப்படவில்லை, மேலே போட்டு விடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கப்பிக்கும் கயிற்றுக்கும் இடையே உள்ள உராய்வுதான் பிடிமானம். இரு பக்கமும் கனம் தொங்கினால்தான் கயிறு கப்பியை இறுக்கிப் பிடிக்கும். எதிர் எடையை எடுத்துவிட்டால் கயிறு கப்பியில் வழுக்கும், பெட்டியைத் தூக்க முடியாது. சுரங்கங்களில் இந்த முறையை 1877-இல் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஃபிரீட்ரிஷ் கோபே. ஆக, எடை என்பது சுமை மட்டுமல்ல, பிடிமானமும்கூட.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பான்வில் உப்புச் சமவெளி இருக்கிறது. நிலத்தில் அதிவேகச் சாதனை படைக்க அங்கே கார் ஓட்டுகிறார்கள். ஃபார்முலா 1 காரில் ஒவ்வொரு கிலோவையும் குறைக்கப் போராடுவார்கள். பான்வில்லில் பலர் காருக்குள் ஈயக்கட்டிகளை வைத்து எடையைக் கூட்டுகிறார்கள். ஏன்?

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். எஞ்சினில் அந்தச் சக்தி இருந்தாலும், அது சக்கரம் வழியாகத்தான் தரைக்குப் போக வேண்டும். உப்புத் தரையில் பிடிமானம் தார் ரோட்டைவிடக் குறைவு. கார் இலேசாக இருந்தால் சக்கரம் வெறுமனே சுழலும். எடை கூடினால் சக்கரம் தரையை அழுத்தும், பிடிக்கும்.

எடை கூடினால் வேகம் குறையாதா என்று கேட்கலாம். வேகமெடுக்க நேரம் அதிகமாகும், உண்மைதான். ஆனால் அங்கே வேகமெடுக்க மைல் கணக்கில் ஓடுதளம் இருக்கிறது. உச்ச வேகத்தை நெருங்கும்போது கார் சண்டை போடுவது காற்றோடுதான். காற்றுக்கு உங்கள் எடை தெரியாது, உங்கள் வடிவம்தான் தெரியும். இறக்கை வைத்தும் காரைத் தரையில் அழுத்தலாம், ஆனால் இறக்கை காற்றின் எதிர்ப்பைக் கூட்டும். காருக்குள் இருக்கும் ஈயம் கூட்டாது.

எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம். காரின் எடைமையம், காற்று அழுத்தும் மையத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். அம்பின் முனை ஏன் கனமாக இருக்கிறது, இறகு ஏன் பின்னால் இருக்கிறது? அதே காரணம்தான். பின்பக்கம் கனமான கார், பக்கக்காற்று கொஞ்சம் தள்ளினாலே திரும்பிவிடப் பார்க்கும். 1997 அக்டோபர் 15 அன்று ஆண்டி கிரீன் ஓட்டிய திரஸ்ட் எஸ்எஸ்சி மணிக்கு சுமார் 1,228 கிலோமீட்டர் வேகத்தில் ஒலியின் வேகத்தைக் கடந்தது. அதன் இரண்டு ஜெட் எஞ்சின்களும் காரின் முன்பாதியில் ஓட்டுநரின் இரு பக்கமும் இருந்தன. ஜெட் காருக்குச் சக்கரப் பிடிமானம் தேவையில்லை, ஆனால் கனம் முன்னால் இருப்பது தேவை.

எடைக்கு ஈயம் ஏன்? கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம். இரும்பு 7.9 கிராம்தான். பணம் இருக்கும் அணிகள் டங்ஸ்டன் வைப்பார்கள், 19.3 கிராம். கேஜிஎஃப் தங்கத்தின் அடர்த்தியும் அதே 19.3 கிராம்தான் என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை!

சமன் செய்துவிட்டால் ஆபத்து போய்விடுமா?

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. சமன் எடை பாரத்தை மறைக்கும். உந்தத்தை மறைக்காது.

மேலே சொன்ன சுரங்கக் கணக்குக்கே திரும்புவோம். டெயில் ரோப் போட்ட பிறகு மோட்டார் உணர்வது 4 டன் வித்தியாசம் மட்டும். ஆனால் நகர்ந்துகொண்டிருப்பது எவ்வளவு? இரண்டு கூண்டு 6 டன், சுமை 4 டன், மேல்கயிறு 13 டன், டெயில் ரோப் 13 டன். மொத்தம் 36 டன். அத்தனையும் விநாடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அதை நிறுத்துவது சின்ன வேலையில்லை. மோட்டார் சிறிதாக இருக்கலாம், பிரேக் சிறிதாக இருக்க முடியாது. பான்வில்லிலும் இதே கதைதான். ஈயம் உச்ச வேகத்தைக் கெடுக்காது, ஆனால் கடைசியில் பாராசூட்டும் பிரேக்கும் அந்த ஈயத்தையும் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். அந்த ஈயம் போல்ட் போட்டு இறுக்கப்படாமல் இருந்தால், அதுவே குண்டாகப் பாயும்.

இத்தனை டன்னும் வைண்டிங் டிரைவரின் கையில் இருந்தது. அவரால் கூண்டைப் பார்க்க முடியாது. மணிச் சத்தம், ஆழம் காட்டும் முள், டிரம்மில் போட்ட குறி, இவ்வளவுதான் அவருக்குக் கண். இந்த வேலைக்கு இந்தியச் சுரங்கச் சட்டத்தின்கீழ் தனித் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்பது சும்மா இல்லை.

இன்னொரு ஆபத்தான நேரமும் உண்டு. சுரங்கத்தில் பல மட்டங்கள் இருக்கும். வேறு மட்டத்துக்கு மாற்ற, இரட்டை டிரம் வைண்டரில் கிளட்ச்சை விடுவித்து ஒரு டிரம்மை மட்டும் சுற்றுவார்கள். அந்த நொடியில் சமன் எடை இல்லை. ஒரு கூண்டின் முழு பாரமும் பிரேக்கின்மேல் இருக்கும். அதனால் பிரேக்கைச் சோதிக்காமல் கிளட்ச்சைத் தொடக்கூடாது என்பது அந்தத் தொழிலின் பாலபாடம்.

2023 நவம்பர் 27 அன்று தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க்கில் இம்பாலா பிளாட்டினம் சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து 86 பேர் மேலே வந்துகொண்டிருந்தார்கள். ஏறிக்கொண்டிருந்த கூண்டு திடீரென எதிர்த்திசையில் கீழே விரைந்தது. அன்றே 11 பேர் இறந்தார்கள், பிறகு எண்ணிக்கை 13 ஆனது. 2024 மே மாதம் ராஜஸ்தானின் கோலிஹான் தாமிரச் சுரங்கத்தில் கூண்டு விபத்துக்குள்ளாகி 15 பேர் உள்ளே சிக்கினார்கள். 14 பேர் மீட்கப்பட்டார்கள், ஒருவர் உயிரிழந்தார். நூறு வருடத்துக்கும் மேலான அனுபவம் உள்ள தொழில்நுட்பத்திலும் இது நடக்கிறது.

கேஜிஎஃப் மீண்டும் திறக்குமா?

2001 பிப்ரவரி 28-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பிறகு ஊரிகத்திலும் மாரிக்குப்பத்திலும் இந்தக் கேள்வி ஓயவே இல்லை.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஊரைச் சுற்றி மலைபோல் குவிந்திருக்கும் பழைய கழிவு மண் மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டம் அது. 'சுரங்கம் திறக்குது' என்று செய்தி பரவியபோது பலர் கவனிக்காத வித்தியாசம் இதுதான். மேட்டைத் தோண்டக் கூண்டு வேண்டாம், கயிறு வேண்டாம், வைண்டர் வேண்டாம். அதெல்லாம் தரைக்கு மேலே நடக்கும் வேலை.

ஆழத்தில் மிச்சமிருக்கும் தங்கம் வேறு கணக்கு. பம்புகள் நின்ற பிறகு சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பிவிட்டது. முதலில் அதை வெளியேற்ற வேண்டும். ஷாஃப்ட் சுவர், கூண்டை நேராகப் பிடிக்கும் வழித்தடம், ஹெட்கியர், கப்பி, பிரேக் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். அதன் பிறகும், மேலே வரும் ஒவ்வொரு டன் கல்லுக்கும் பின்னால் பல டன் எஃகு ஏறி இறங்க வேண்டும். அந்தக் கல்லில் டன்னுக்குச் சில கிராம் தங்கம் மட்டுமே இருக்கும். தங்கம் விலை ஏறினாலும் இந்தக் கணக்கு தானாக மாறிவிடாது. 'சுரங்கம் திறக்கும்' என்று யாராவது வாக்குறுதி கொடுத்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மேட்டையா, ஆழத்தையா?

நமக்கு இதில் என்ன?

அடுத்த முறை லிஃப்டில் ஓவர்லோடு மணி அடித்தால், 'இன்னும் ஒருத்தர்தானே' என்று நெருக்கிக்கொண்டு நிற்காதீர்கள். மோட்டார் திணறும் என்பதற்காக மட்டும் அடிக்கும் மணி அல்ல அது. எதிர் எடை, கயிற்றின் பிடிமானம், பிரேக் மூன்றும் அந்த 884 கிலோவை மனதில் வைத்துத்தான் கணக்கிடப்பட்டிருக்கின்றன. அதைத் தாண்டினால் சமன் உங்கள் பக்கம் இல்லை. ஒருவர் இறங்கி அடுத்த லிஃப்டில் வந்தால் போதும், கணக்கு சரியாகிவிடும்.